டயானா டொராசியும் ஆண்டுக்கு இரண்டு சீசன்களும்: தொழில்முறை மகளிர் கூடைப்பந்து, ஓர் எளிய அறிமுகம்

2015 பிப்ரவரியில் டயானா டொராசி தன் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவருடைய ஃபீனிக்ஸ் மெர்க்குரி அணி அமெரிக்க மகளிர் லீக்கின் கோப்பையை வென்றிருந்தது. இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்திருந்தது. வயது 32, ஆட்டம் உச்சத்தில் இருந்தது. அப்படிப்பட்டவர் அந்த ஆண்டு அமெரிக்க லீக்கில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். குளிர்காலத்தில் அவர் ஆடிவந்த ரஷ்ய கிளப், கோடையில் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லி அதற்குப் பணமும் கொடுத்திருந்தது. அமெரிக்காவில் ஆடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட ஓய்வெடுக்கக் கிடைத்த பணம் அதிகம்.

நாட்டின் முதன்மையான லீக்கில் ஆடுவதைவிட, எங்கோ இருக்கும் ஒரு கிளப்புக்காக வீட்டில் சும்மா இருப்பது லாபம் என்ற நிலை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், பெண்களுக்குக் கூடைப்பந்து எப்படித் தொழிலாக இயங்குகிறது என்பதும் பெருமளவு புரிந்துவிடும். டொராசியின் வாழ்க்கையை வரிசையாகப் பார்ப்பதே அதற்குச் சுலபமான வழி. அவர் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீராங்கனைகளில் ஒருவர் என்பது ஒரு காரணம். இந்தத் தொழிலின் எல்லா மேடுபள்ளங்களிலும் அவர் நடந்திருக்கிறார் என்பது இன்னொரு காரணம்.

ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. ஒரு பக்கம் ஐந்து பேர். 10 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அருகிலிருந்து போட்டால் 2 புள்ளி, வளைந்த கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் 3 புள்ளி, எதிரணி விதி மீறும்போது (ஃபவுல்) தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு 1 புள்ளி. ஆண்கள் ஆடும் பந்தைவிடப் பெண்களின் பந்து கொஞ்சம் சிறியது. கூடையின் உயரம் இருவருக்கும் ஒன்றுதான், 10 அடி. அமெரிக்க மகளிர் லீக்கின் பெயர் டபிள்யூஎன்பிஏ. 1996-ல் ஆண்கள் லீக்கான என்பிஏவின் ஆதரவில் உருவாகி, 1997 ஜூனில் எட்டு அணிகளுடன் ஆட்டத்தைத் தொடங்கியது. மே மாதம் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். என்பிஏ அரங்குகள் காலியாக இருக்கும் கோடை மாதங்களில் இதை நடத்துகிறார்கள். இந்தக் காலக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

டொராசி பிறந்தது 1982 ஜூனில், கலிஃபோர்னியாவில். வளர்ந்தது அங்கேயே சீனோ என்ற ஊரில். அப்பா மாரியோ இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர், தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். அம்மா லிலியானா அர்ஜென்டினாக்காரர். வீட்டில் பேச்சு ஸ்பானிஷ். பள்ளியிலேயே நாடறிந்த ஆட்டக்காரியாகிவிட்ட டொராசியை, கண்டத்தின் மறுகரையில் இருக்கும் கனெக்டிகட் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் ஒரு வீராங்கனையின் வாழ்க்கையில் கல்லூரி வகிக்கும் இடம் நம் ஊர் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்காது. 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். டைட்டில் நைன் என்று சொல்வார்கள். விளையாட்டும் அதற்குள் வந்ததால், பெண்களுக்கென அணிகளும் உதவித்தொகையும் பயிற்சியாளர்களும் உருவாகத் தொடங்கினார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, பெண்களுக்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டியை 1982-ல் நடத்தியது. டொராசி பிறந்த அதே ஆண்டு. அவர் ஆட வந்தபோது அந்த ஏணி தயாராக இருந்தது. அவருக்கு ஒரு தலைமுறை முன்னால் பிறந்த எத்தனையோ திறமைசாலிகளுக்கு அது இல்லை. எனக்கு இந்த விளையாட்டின் வரலாற்றில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

கனெக்டிகட் அணி 2002, 2003, 2004 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வென்றது. வெற்றியின் ரகசியம் என்ன என்று பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவிடம் கேட்டபோது, எங்களிடம் டயானா இருக்கிறார், உங்களிடம் இல்லை என்று சொன்னார். இன்றுவரை ரசிகர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு வென்றும் அந்தக் காலத்தில் கல்லூரி வீராங்கனைக்குப் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு தவிர வேறு வருமானம் இல்லை. தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க 2021-ல்தான் அனுமதி வந்தது.

கல்லூரிக்குப் பின் டிராஃப்ட். லீக்கில் சேரத் தகுதி பெற்ற புதியவர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. ஆண்கள் 19 வயதிலேயே என்பிஏ டிராஃப்டுக்கு வந்துவிடலாம். அமெரிக்கப் பெண்களோ அந்த ஆண்டில் 22 வயதை எட்ட வேண்டும், அல்லது நான்கு ஆண்டுக் கல்லூரியை முடித்திருக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: பெண்கள் லீக்குக்கு வரும்போது முழுமையாகத் தேறியவர்களாக, நாட்டுக்கே அறிமுகமானவர்களாக வருகிறார்கள். பிரச்சினை இடம்தான். நீண்ட காலம் லீக்கில் 12 அணிகளே இருந்தன, அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தமே 144 நாற்காலிகள். டிராஃப்டில் பெயர் வாசிக்கப்பட்டு, குடும்பத்தோடு கட்டிப்பிடித்து அழுது மகிழ்ந்த பெண்களில் பலர், அடுத்த மாதம் பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

டொராசிக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. 2004 டிராஃப்டில் முதல் பெயரே அவருடையது. எடுத்தது ஃபீனிக்ஸ், அரிசோனா பாலைவன நகரம். அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது, அந்தக் கோடையிலேயே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. சம்பளம்? இங்கேதான் கதை திரும்புகிறது. டபிள்யூஎன்பிஏவில் ஒவ்வொரு அணியும் மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு தனி வீராங்கனைக்கும் உச்சவரம்பு உண்டு. 2015-ல் அந்த உச்சம் ஏறத்தாழ 1,07,000 டாலர். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அதற்கு மேல் அணியே விரும்பினாலும் கொடுக்க முடியாது. அதே சமயம் ரஷ்ய கிளப் டொராசிக்கு ஒரு சீசனுக்குக் கொடுத்தது சுமார் 15 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. ஏறக்குறைய 14 மடங்கு.

ஐரோப்பிய லீக்குகள் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை நடக்கும். அமெரிக்க சீசன் முடியும் இடத்தில் ஐரோப்பிய சீசன் தொடங்குகிறது, அது முடியும் இடத்தில் இது தொடங்குகிறது. ஆகவே இரண்டிலும் ஆடலாம். ஆட முடியும் என்பதால் பலரும் ஆடினார்கள். கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, இஸ்ரேல், இத்தாலி, ஆஸ்திரேலியா, சீனா, தென் கொரியா. பெயரும் புகழும் கோடையில், வீட்டுக் கடனை அடைக்கும் பணம் குளிர்காலத்தில்.

அந்த ரஷ்யப் பணம் டிக்கெட் விற்று வந்ததல்ல. பெரும்பணக்காரர்களும் பெரு நிறுவனங்களும் கௌரவத்துக்காகவும் ஆசைக்காகவும் கொட்டிய பணம். மாஸ்கோவில் ஸ்பார்டாக் என்ற கிளப்பை நடத்தியவர் ஷப்தாய் கல்மனோவிச். லித்துவேனியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய வணிகர். சோவியத் உளவாளி என்று இஸ்ரேலில் சிறைத்தண்டனை பெற்று, பின்பு ரஷ்யாவில் செல்வந்தரானவர். டொராசியையும் அவருடைய கல்லூரித் தோழி சூ பேர்டையும் அழைத்து வந்து, நகருக்கு வெளியே பெரிய வீடு கொடுத்துத் தங்க வைத்தார். ஸ்பார்டாக் 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறை ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பையான யூரோலீக்கை வென்றது. இடையில், 2009 நவம்பரில், கல்மனோவிச் மாஸ்கோ தெருவில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சிலரின் விருப்பத்தை நம்பி நின்ற தொழில் எவ்வளவு ஆட்டம் காணும் என்று அன்று அந்தப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனாலும் அந்த சீசனை ஆடி முடித்து, கோப்பையையும் வென்றார்கள். பிற்பாடு டொராசி சேர்ந்த யெகாத்தரின்பர்க் கிளப் யூரல் மலைப்பகுதியின் பெரிய சுரங்க, உலோக நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2015-ல் ஓய்வுக்குப் பணம் கொடுத்தது அந்தக் கிளப்தான்.

ஏன் கொடுத்தது என்பது இப்போது தெளிவாகியிருக்கும். அவர்கள் வாங்கியது டொராசியின் புத்துணர்ச்சியை. ஒரே நிலத்தில் தரிசு விடாமல் போகத்துக்குப் போகம் பயிர் வைத்தால் மண் என்ன ஆகுமோ, அதுதான் இரண்டு சீசன் ஆடும் உடம்புக்கும். முழங்கால், கணுக்கால், முதுகு எதுவும் ஆற அவகாசம் கிடையாது. டொராசி தன் கடிதத்திலும் இதைத்தான் எழுதியிருந்தார்: ஆண்டு முழுக்க ஆடுவது உடலைத் தேய்க்கிறது, இப்படி ஒரு வாய்ப்பை மறுப்பது பொறுப்பற்றதாக இருக்கும் என்று. லீக்கைக் கைவிட்டுவிட்டார் என்று சிலர் அன்று கோபப்பட்டார்கள். அவர் செய்தது முழுக்க நியாயம் என்பதே என் எண்ணம். 42 வயது வரை அவர் ஆட முடிந்ததற்கு அந்த ஒரு கோடையும் காரணம் என்று நம்புகிறேன்.

இந்த இரட்டை வாழ்க்கையின் விலை என்ன என்பதற்கு பிரியானா ஸ்டூவர்ட்டைப் பாருங்கள். 2018-ல் டபிள்யூஎன்பிஏவின் மிக மதிப்புமிக்க வீராங்கனை விருதைப் பெற்றவர் அவர்தான். 2019 ஏப்ரலில் ஹங்கேரியில் நடந்த யூரோலீக் இறுதியில் ரஷ்யக் கிளப்புக்காக ஆடும்போது குதிகால் தசைநாண் அறுந்தது. அமெரிக்க லீக், தன் முன்னணி நட்சத்திரம் இல்லாமலேயே அந்த சீசன் முழுவதையும் நடத்தியது.

உடலுக்கு மட்டுமல்ல, பெயருக்கும் ஆபத்து இருந்தது. 2010 இறுதியில் டொராசி துருக்கியின் ஃபெனர்பாச்சே கிளப்பில் இருந்தபோது, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதாக அறிவிப்பு வந்தது. அவர் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்று மறுத்தார். கிளப் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2011 பிப்ரவரியில் அந்தப் பரிசோதனைக் கூடமே தன் முடிவு தவறு என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. பழி நீங்கியது, இழந்த சீசன் திரும்பவில்லை.

எல்லாவற்றுக்கும் உச்சம் பிரிட்னி கிரைனருக்கு நடந்தது. ஃபீனிக்ஸிலும் யெகாத்தரின்பர்க்கிலும் டொராசியோடு ஆடியவர். 2022 பிப்ரவரியில் குளிர்கால வேலைக்குத் திரும்பும்போது மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பெட்டியில் கஞ்சா எண்ணெய் குப்பிகள் இருந்தன. உக்ரைன் போர் தொடங்கிய அதே நாட்கள். ஒன்பது ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். டிசம்பரில், ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை அமெரிக்கா விடுவித்ததற்கு ஈடாக வீடு திரும்பினார். உலகத்தின் கண்ணில் அது அரசியல் செய்தி. இந்த விளையாட்டை அறிந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, இவ்வளவு பெரிய வீராங்கனை ஏன் அங்கே போக வேண்டியிருந்தது என்பதுதான்.

இந்தியாவில் இந்தத் தொழில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. இங்கே நன்றாக ஆடும் பெண்ணுக்குக் கிடைப்பது ஒப்பந்தமல்ல, அரசு வேலை. சென்னையின் அனிதா பால்துரை, கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் இருவரும் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கீது ஆஸ்திரேலியக் கிளப்பில் ஆடி, 2011-ல் டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாம்கள் வரை போனவர். இடம் கிடைக்கவில்லை. அந்த 144 நாற்காலிகளை நினைத்துப் பார்த்தால், அவ்வளவு தூரம் போனதன் அருமை தெரியும். ரயில்வே வேலையில் ஓய்வூதியம் வரை பாதுகாப்பு உண்டு, குளிர்காலத்தில் நாடு விட்டு நாடு ஓட வேண்டாம். ஆனால் ஆட்டம் தானே தன் காலில் நிற்க அது வழி செய்யவில்லை.

டொராசியின் ஆட்டத்துக்கு வருவோம். உயரம் 6 அடி, ஜெர்சி எண் 3. கோட்டுக்கு ஓரடி ஈரடி பின்னால், தடுப்பவர் கை முகத்துக்கு நேரே நீளும்போதும் தயங்காமல் எறிவார். பந்து கையைவிட்டுப் போகும் வேகம் அப்படி. 2006-ல் லீக் தன் விதிகளை மாற்றியது: 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள் போய் நான்கு கால்பகுதிகள் வந்தன, எறிவதற்கான நேரம் 30 விநாடியிலிருந்து 24 ஆனது. ஃபீனிக்ஸுக்கு அதே ஆண்டு பால் வெஸ்ட்ஹெட் பயிற்சியாளராக வந்தார். ஓடு, எறி, திரும்ப ஓடு என்பதுதான் அவருடைய பாணி. வேகமான விதி, வேகமான பயிற்சியாளர், எறியத் தயங்காத வீராங்கனை மூன்றும் சேர்ந்தன. அந்த சீசனில் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 25.3 புள்ளி. ஹூஸ்டனுக்கு எதிராக மூன்று கூடுதல் நேரம் போன ஓர் ஆட்டத்தில் 47. அடுத்த ஆண்டே முதல் கோப்பை, பிறகு 2009, 2014. நடுவர்களோடு மல்லுக்கு நிற்பார், எதிரணியைச் சீண்டுவார், வாயும் ஓயாது. அந்தக் கோபமும் அவர் ஆட்டத்தில் ஒரு பகுதி. பெண் வீரர்கள் பணிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவே இல்லை.

தேசிய அணியில் 2004 தொடங்கி 2024 பாரிஸ் வரை ஆறு ஒலிம்பிக் தங்கம். ஆணோ பெண்ணோ, கூடைப்பந்தில் வேறு யாரிடமும் இத்தனை இல்லை. அதில் கடைசியானது பிரான்ஸை 67–66 என்று ஒற்றைப் புள்ளியில் தப்பி வென்றது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது 2021 அக்டோபர் 8-ஐ. லாஸ் வேகஸில் அரையிறுதியின் ஐந்தாவது, முடிவான ஆட்டம். அவருக்கு வயது 39. அந்த சீசனின் தொடக்கத்தில் மார்பெலும்பு முறிந்திருந்தது, கணுக்காலும் சரியில்லை. வீட்டில் மனைவி பென்னி டெய்லருக்கு, முன்னாளில் ஃபீனிக்ஸில் கூட ஆடிய ஆஸ்திரேலியருக்கு, இரண்டாவது குழந்தை எந்த நேரமும் பிறக்கலாம் என்ற நிலை. அன்று டொராசி எடுத்த 24 புள்ளியில் 14 கடைசிக் கால்பகுதியில் வந்தது. ஃபீனிக்ஸ் 87–84. ஆட்டம் முடிந்ததும் இரவோடு இரவாக விமானம் ஏறி ஊர் சேர்ந்தார், விடியற்காலையில் மகள் பிறந்தாள். 2023 ஆகஸ்ட் 3 அன்று, 41 வயதில், ஒரே ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்து 10,000 புள்ளியைத் தாண்டிய முதல் டபிள்யூஎன்பிஏ வீராங்கனை ஆனார். 2025 பிப்ரவரியில் விலகியபோது கணக்கு 10,646. இருபது சீசன்களும் ஒரே அணிக்கு. மனமும் உடலும் நிறைந்துவிட்டது, மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஆடிய காலத்திலேயே இந்தத் தொழில் மாறத் தொடங்கிவிட்டது. மாறிய விதத்தை விமானப் பயணத்தில் பார்க்கலாம். முன்பெல்லாம் ஆறரை அடி உயரமுள்ளவர்கள் நம்மைப் போலப் பயணிகள் விமானத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இறங்கி, மறுநாள் ஆடினார்கள். தனி விமானம் எடுக்க வசதியுள்ள அணிக்கும் அனுமதி இல்லை, வசதியில்லாத அணிகளுக்கு அது அநியாயம் என்பது லீக்கின் வாதம். 2021-ல் நியூயார்க் அணி விதியை மீறித் தனி விமானம் ஏற்பாடு செய்ததற்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2024-ல் எல்லா அணிகளுக்கும் லீக்கே தனி விமானம் கொடுத்தது. இடையில் என்ன நடந்தது என்றால், வீராங்கனைகளின் சங்கம் விடாமல் கேட்டது. சங்கம் லீக்கோடு போட்ட 2020 ஒப்பந்தத்தில் சம்பள உச்சம் 2,15,000 டாலராக உயர்ந்தது. 2024-ல் கேட்லின் கிளார்க் போன்ற புதியவர்கள் வந்து அரங்குகளை நிரப்பினார்கள். அந்தக் கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். விளம்பரத்தில் அவர் சம்பாதித்தது இதைவிடப் பல மடங்கு. லீக்கின் நட்சத்திரங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதும் 2025 நட்சத்திர ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் எல்லோரும், எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுங்கள் என்று எழுதிய சட்டையோடு களத்துக்கு வந்தது ஏன் என்று இதிலிருந்தே விளங்கும்.

குளிர்காலமும் மாறிவிட்டது. 2025 ஜனவரியில் மயாமி பக்கத்தில் அன்ரைவல்டு என்ற புதிய லீக் தொடங்கியது. பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டம், சில வாரங்களில் முடிந்துவிடும். தொடங்கியவர்கள் டபிள்யூஎன்பிஏ வீராங்கனை நபீசா காலியரும், ஹங்கேரியில் காயம்பட்ட அதே ஸ்டூவர்ட்டும். ஆடுபவர்களுக்கு நிறுவனத்தில் பங்கும் உண்டு. முதல் சீசனின் சராசரிச் சம்பளமே 2 லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள். அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் பெயர் பெய்ஜ் பெக்கர்ஸ். டொராசியின் அதே கனெக்டிகட், அதே பயிற்சியாளர் ஆரியம்மா. பெக்கர்ஸும் அன்ரைவல்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். அங்கே முதல் சீசனில் கிடைப்பது, அப்போதைய டபிள்யூஎன்பிஏ ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கிடைப்பதைவிட அதிகம் என்று அன்று செய்தி வந்தது.